கொடுக்கிற மரக்கால் எங்கே?

சென்ற ஆண்டு என் அம்மாவை ஓர் அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போனேன். அறுபது வயதைக் கடந்த அவருக்கு அதுதான் முதல்முறை. எந்த ஊர் என்று சொல்லப்போவதில்லை. நான் பார்த்த மற்ற அருங்காட்சியகங்களும் ஏறக்குறைய அப்படித்தான் இருந்தன. நுழைவுச்சீட்டு வாங்கிக்கொண்டு திரும்பினால், அம்மா செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்தபடி நிற்கிறார்.

"ஏம்பா, செருப்போட உள்ள போலாமா?"

"போலாம்மா. கோயிலா இது?"

"உள்ள சாமியெல்லாம் இருக்குன்னியேப்பா."

உள்ளே போனோம். வெண்கலச் சிலைகள் இருந்த அறையில் அம்மா கண்ணாடிக்கு அருகே போனதும் காவலர் குரல் கொடுத்தார்: "இந்தாம்மா, தள்ளி நில்லு." சற்று நேரத்தில் சட்டையை உள்ளே விட்டு பெல்ட் போட்ட ஒருவர் அதே கண்ணாடியில் கையை ஊன்றிக்கொண்டு படம் எடுத்தார். "சார், கொஞ்சம் தள்ளி நில்லுங்க சார்." காவலரை நான் குறை சொல்லமாட்டேன். ஒப்பந்தக் கூலிக்கு நாள் முழுக்க நிற்பவர் அவர். யாரிடம் 'நில்லு', யாரிடம் 'நில்லுங்க' என்பதை அவருக்கு அந்தக் கட்டடம் சொல்லித்தரவில்லை, ஊர் சொல்லித்தந்திருக்கிறது. அந்தப் பாடத்தை மறக்கச் செய்யும் எதுவும் கட்டடத்துக்குள் இல்லை என்பதுதான் என் பிரச்சினை.

கடைசி அறையில் வேளாண் கருவிகள் இருந்தன. ஏர், இறைகூடை, முறம், பித்தளைப் பூண் போட்ட ஒரு மரக்கால். குறிப்பு அட்டையில் 'தானியம் அளக்கும் கருவி' என்று ஒரு வரி. சிலைகளை மௌனமாகக் கடந்து வந்த அம்மா அதன் முன்னால் நின்றுவிட்டார்.

"இது வாங்குற மரக்கா. ஆண்டை வூட்டுல ரெண்டு வச்சிருப்பாங்க. நெல்ல அளந்து வாங்குறதுக்கு ஒண்ணு, களத்துல கூலி அளந்து போடுறதுக்கு ஒண்ணு. பாத்தா ரெண்டும் ஒண்ணு மாதிரிதான் இருக்கும். குடுக்குற மரக்கா எங்கப்பா?"

நான் வரலாற்றில் முனைவர் பட்ட ஆய்வு செய்பவன். அருங்காட்சியகங்களைப் பற்றிக் கட்டுரை படித்திருக்கிறேன், கருத்தரங்குகளில் பேசியிருக்கிறேன். அம்மா கேட்டதைவிடக் கூர்மையான கேள்வியை எந்தக் கருத்தரங்கிலும் கேட்டதில்லை. அருங்காட்சியகத்தில் இருப்பது வாங்குகிற மரக்கால் மட்டும். கொடுக்கிற மரக்காலைக் காணோம்.

தொடுதிரை தீர்க்காத பிரச்சினை

'அருங்காட்சியகங்களுக்கு எல்லாத் தரப்பு மக்களையும் வரவழைப்பது எப்படி?' என்பது இப்போது அதிகாரிகளும் வடிவமைப்பாளர்களும் அடிக்கடி பேசும் பொருள். விடையும் தயாராக இருக்கிறது: தொடுதிரை, மெய்நிகர் காட்சி, ஒலி-ஒளி, செல்ஃபி எடுக்க ஒரு மூலை. இவை எதுவும் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கேள்வியே கோணலாக இருக்கிறது. மக்கள் வரமாட்டேன் என்கிறார்கள், ஏதாவது வித்தை காட்டி இழுக்கவேண்டும் என்று அது நினைக்கிறது.

மக்கள் எப்போதும் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். 1851-இல் தொடங்கிய சென்னை அருங்காட்சியகத்துக்கு உழைக்கும் மக்கள் ஒரு பெயரே வைத்தார்கள்: செத்த காலேஜ். உயிரியல் பூங்கா உயிர்க் காலேஜ். அந்த உயிர்க் காலேஜும் 1855-இல் அருங்காட்சியகத்தின் பொறுப்பாளராக இருந்த எட்வர்ட் பல்ஃபோர் அதே வளாகத்தில் தொடங்கியதுதான். காணும் பொங்கலன்று கட்டுச்சோறும் பிள்ளைகுட்டிகளுமாக எழும்பூருக்கு வந்து இறங்கும் கூட்டத்தைப் பார்த்தவர்கள், 'சாதாரண மக்களுக்கு அருங்காட்சியகத்தில் ஆர்வமில்லை' என்று சொல்லமாட்டார்கள்.

காலேஜ் என்று பெயர் வைத்த மக்கள் அங்கே கற்றுக்கொள்ள ஏதோ இருக்கிறது என்று நம்பித்தான் வைத்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. வந்தவர்களிடம் அந்தக் கல்லூரி என்ன பேசியது என்பதே என் கேள்வி. 'சுண்ணாம்புக்கல், கி.பி. 2ஆம் நூற்றாண்டு.' 'வெண்கலம், 11ஆம் நூற்றாண்டு.' பொருளின் வயதும் கல்லின் வகையும் தெரிகிறது. யார் செய்தார்கள், யாருக்காகச் செய்தார்கள், யாரை அதன் அருகே விடவில்லை என்பது தெரிவதில்லை. படித்த, ஏற்கெனவே கலை வரலாறு தெரிந்த ஒருவரை மனதில் வைத்து எழுதிய அட்டைகள் அவை. அப்படி ஒருவர் எந்தச் சாதியில், எந்தத் தெருவில் அதிகம் கிடைப்பார் என்று நமக்குத் தெரியும். என் அம்மா வந்துபோகலாம், வருகைக் கணக்கில் ஓர் எண்ணாகவும் சேரலாம். ஆனால் அந்த அட்டையை எழுதிய கை அவரை எதிர்பார்க்கவில்லை.

அளந்தவர்கள், அளக்கப்பட்டவர்கள்

அருங்காட்சியகம் நம்மைக் கண்டுகொள்ளவே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. கண்டுகொண்டது. எப்படி என்பதுதான் கொடுமை. 1885 முதல் 1908 வரை சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்தவர் எட்கர் தர்ஸ்டன். அவர் அளவுகோலும் கவராயமுமாகச் சாதிவாரியாக மனிதர்களின் மண்டையை அளந்தார், மூக்கின் அகலத்தையும் நீளத்தையும் அளந்தார். அந்த வேலையின் விளைவாக 1909-இல் ஏழு தொகுதிகளாக வந்த 'தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்' நூலை இன்றைக்கும் ஆய்வேடுகளில் மேற்கோள் காட்டுகிறோம். அருங்காட்சியகத்துக்கு சாதி தெரியாமல் இல்லை. அதை அநீதியாகப் பார்க்காமல் மூக்கின் அளவாக, சடங்காக, வினோதப் பழக்கமாகப் பார்த்தது.

மாநில அருங்காட்சியகங்களின் மானுடவியல் கூடங்களில் அந்தப் பார்வையின் எச்சத்தை இன்றும் பார்க்கலாம். பறை ஒன்று தொங்கும். 'தோல் இசைக்கருவி' என்று அட்டை சொல்லும். அந்தப் பறையைச் சாவுக்கு அடிக்கச் சொல்லி ஊர் கட்டாயப்படுத்தியது, அடிக்கமாட்டோம் என்று மறுத்த இளைஞர்களை ஊர் தாக்கியது, அதே பறையை விடுதலையின் கலையாக மேடையில் ஏற்றிய கலைஞர்கள் வந்தது, 'அடிக்காதே' என்பவர்களும் 'பெருமையோடு அடி' என்பவர்களும் நமக்குள்ளேயே இன்றும் நடத்தும் விவாதம் - எதுவும் அந்த அட்டையில் இல்லை. இசைக்கருவியை வைத்துக்கொண்டு அதன் ஓசையை வெளியே விட்டுவிட்டார்கள்.

நடராசர் சேரிக்கு வந்ததில்லை

வெண்கலச் சிலைகளுக்கு வருவோம். தமிழ்நாட்டு அருங்காட்சியகங்களின் கிரீடம் அவை. திருவாலங்காட்டு நடராசரைப் பார்க்க உலகெங்கிலுமிருந்து எழும்பூருக்கு வருகிறார்கள். வரட்டும், அந்த உலோக வேலை அவ்வளவு தகுதி உடையது. ஆனால் இந்தச் சிலைகளில் பெரும்பாலானவை உற்சவமூர்த்திகள். தெருக்களில் உலா வருவதற்காகவே வார்க்கப்பட்டவை. எந்தத் தெருக்களில்? ஊர்த் தெருக்களில் வரும், சேரிக்கு வராது. தேர் எங்கள் தெருவுக்கும் வரவேண்டும் என்று கேட்டதற்காக இன்றைக்கும் ஊர் பூட்டப்படுகிறது, அமைதிப் பேச்சுவார்த்தை நடக்கிறது, தடையுத்தரவு போடப்படுகிறது.

மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் தலித்துகள் நுழைந்தது 1939 ஜூலை 8 அன்று. அதற்குப் பிறகும் எத்தனையோ ஊர்க் கோயில்களில் வாசற்படி தாண்ட முடியாத நிலை. அப்படி ஓர் ஊரிலிருந்து வந்த பெண் அருங்காட்சியகத்தில் அதே சாமியை ஒரு முழத் தூரத்தில், நடுவில் அர்ச்சகர் இல்லாமல், கண்ணுக்கு நேராகப் பார்க்கிறார். யோசித்துப் பாருங்கள், இது எவ்வளவு பெரிய நிகழ்வு! அம்மா செருப்பைக் கழற்றியது அறியாமையால் அல்ல. அங்கே என்ன நடக்கிறது என்பதை அட்டை எழுதியவரைவிட அவர் சரியாகப் புரிந்துகொண்டிருந்தார்.

அந்தச் சிலைக்குப் பக்கத்தில் வைக்கவேண்டிய பொருள் எது என்பதற்கு நாம் புதிதாக எதையும் கண்டுபிடிக்கத் தேவையில்லை. ராசராசன் தஞ்சைப் பெரிய கோயிலில் வெட்டிவைத்த கல்வெட்டே போதும். கோயிலுக்கு விட்ட ஊர்களில் வரி நீக்கிய நிலங்களை அது ஊர் ஊராகக் கணக்கிடுகிறது. அந்தக் கணக்கில் பறைச்சேரி, தீண்டாச்சேரி என்ற சொற்கள் வருகின்றன. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு, சோழர்களின் பொற்காலம் என்று பள்ளிப் பாடம் சொல்லித்தந்த அதே காலத்தில், அதே கோயிலின் கல்லில், தமிழ் எழுத்தில் 'தீண்டாச்சேரி'. அந்த வரியின் மைப்படி ஒன்றைச் சோழர் வெண்கலத்தின் பக்கத்தில் மாட்டினால் என்ன? சிலையின் அழகு குறையாது. அதைச் சாத்தியமாக்கிய நிலமும் உழைப்பும் யாருடையவை என்ற கேள்வி மட்டும் கூடுதலாக எழும். அந்தக் கேள்வி எழக்கூடாது என்பவர்களுக்கு அழகைப் பற்றிக் கவலை இல்லை, வேறு கவலை இருக்கிறது.

கீழடிக்குப் பிறகு என்ன நடந்தது?

இதுவரை படித்துத் தலையாட்டிய நண்பர்கள் கொஞ்சம் நெளியவேண்டிய இடம் இது. நம் தரப்பைப் பற்றியும் பேசவேண்டும்.

2023 மார்ச் 5 அன்று கீழடி அருங்காட்சியகம் திறக்கப்பட்டபோது நான் மகிழ்ந்தேன். முதல் மாதத்திலேயே போய்ப் பார்த்தேன். கி.மு. 6ஆம் நூற்றாண்டு வரை பின்னால் போகும் நகர வாழ்க்கை. நூல் நூற்ற தக்களி, விளையாடிய பகடை, பானை ஓட்டில் ஆதன் என்றும் குவிரன் என்றும் கீறிய பெயர்கள். எழுத்து ஒரு சிலரின் சொத்தாக இல்லாமல் புழங்கு பானைகளில் இறங்கியிருந்த காலம் என்று அவற்றைப் பார்க்கும்போது நெஞ்சு நிமிர்கிறது. ஒன்றிய அரசின் தொல்லியல் துறை அந்த அகழாய்வை நடத்திய விதத்தை எதிர்த்து நாம் எழுதியதும் சரியே.

ஆனால் கீழடியை நாம் எதற்குப் பயன்படுத்துகிறோம்? 'தமிழனுக்குச் சாதி இல்லை, வெளியிலிருந்து வந்தவன் கொண்டுவந்தான்' என்று ஒரு படத்தோடு ஒரு வரி போட்டுவிட்டு நகர்கிறோம். 2600 ஆண்டுகளுக்கு முந்தைய பானை ஓட்டிலிருந்து ஒரே தாவலில் இன்றைய பெருமைக்கு வந்துவிடுகிறோம். நடுவில் இருக்கும் நூற்றாண்டுகள் எங்கே? ஆதன் தன் பெயரைப் பானையில் எழுதினான் என்றால், அவனுடைய பேரப்பிள்ளைகளில் சிலர் எப்போது எழுத்தறியக் கூடாதவர்கள் ஆனார்கள்? யார் அவர்களைப் பள்ளிக்கு வெளியே நிறுத்தினார்கள்? அப்படி நிறுத்தியவர்கள் எல்லோரும் சமஸ்கிருதம் பேசினார்களா, அல்லது நல்ல தமிழில்தான் திட்டினார்களா?

2022 டிசம்பரில் வேங்கைவயல் குடிநீர்த் தொட்டியில் மலம் கிடந்த செய்தி வந்தது. அடுத்த மூன்றே மாதங்களில் கீழடி அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. இரண்டும் ஒரே தமிழ்நாடு. முதலாவதை விளக்காமல் இரண்டாவதைக் கொண்டாடும் அருங்காட்சியகம், எவ்வளவு அழகாகக் கட்டப்பட்டிருந்தாலும், வாங்குகிற மரக்காலைத்தான் காட்டுகிறது.

செய்து காட்டியவர்கள்

இது நடக்காத காரியம் என்பவர்களுக்கு இரண்டு ஊர்களைச் சொல்கிறேன்.

முதலாவது, அமெரிக்காவின் பால்டிமோர். 1992-இல் ஃபிரெட் வில்சன் என்ற கறுப்பினக் கலைஞரை மேரிலாந்து வரலாற்றுக் கழகத்தின் அருங்காட்சியகத்தில் ஒரு காட்சி அமைக்க அழைத்தார்கள். அவர் புதிதாக எதையும் செய்யவில்லை. அதே அருங்காட்சியகத்தின் கிடங்குக்குள் இறங்கி, ஏற்கெனவே இருந்த பொருள்களை இடம் மாற்றி வைத்தார். சித்திர வேலைப்பாடு கொண்ட வெள்ளிக் குவளைகளும் கூஜாக்களும் இருந்த பேழைக்குள், அடிமைகளுக்குப் பூட்டிய இரும்பு விலங்கை வைத்தார். அட்டையில் 'உலோக வேலைப்பாடு, 1793–1880' என்று மட்டும் போட்டார். இன்னோர் அறையில் செல்வந்தர் வீட்டு அலங்கார நாற்காலிகளை வரிசையாகப் போட்டு, அவை எல்லாம் பார்த்துக்கொண்டிருப்பதுபோல நடுவில் ஒரு சாட்டையடிக் கம்பத்தை நிறுத்தினார். கிடங்கில் பல ஆண்டுகள் கிடந்தது அந்தக் கம்பம். வெளியே எடுத்து வைக்க அங்கிருந்த யாருக்கும் அதுவரை தோன்றவில்லை.

தஞ்சை மண்ணில் சாணிப்பாலும் சவுக்கடியும் கதையல்ல. 1940-களில் பி. சீனிவாசராவ் போன்ற தோழர்கள் பண்ணையாட்களைத் திரட்டிப் போராடித்தான் அவற்றை நிறுத்தினார்கள். அந்தச் சவுக்குகள் எங்கே போயின? சாணிப்பால் கரைத்துக் கொடுத்த பாத்திரங்கள் எங்கே? எந்தப் பண்ணை வீட்டுப் பரணில் கிடக்கின்றன? தேக்கு ஊஞ்சலையும் வெள்ளிச் செம்பையும் கேட்டு வாங்கிய அருங்காட்சியகங்கள் இவற்றை ஏன் கேட்டு வாங்கவில்லை?

இரண்டாவது, தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன். அங்கே டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் என்ற பகுதியை 1966-இல் வெள்ளையர் பகுதி என்று அறிவித்து, 60,000-க்கும் மேற்பட்ட மக்களை வெளியேற்றி, வீடுகளை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். 1994-இல் ஒரு பழைய தேவாலயத்தில் அந்த மக்களின் அருங்காட்சியகம் திறந்தது. அதன் நடுத்தரையில் இடிபட்ட பகுதியின் பெரிய வரைபடம் விரிக்கப்பட்டிருக்கிறது. பழைய குடியிருப்பாளர்கள் வந்து, தங்கள் வீடு இருந்த இடத்தில் தங்கள் பெயரைத் தாங்களே எழுதினார்கள். இடித்த தெருக்களின் பெயர்ப் பலகைகள் மேலிருந்து தொங்குகின்றன. அந்த அருங்காட்சியகம் எழுதி முடிக்கப்பட்டது அல்ல, வருகிறவர்கள் எழுதிக்கொண்டிருப்பது.

சென்னையின் கூவக்கரையிலிருந்தும் அடையாற்றங்கரையிலிருந்தும் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அள்ளிக்கொண்டு போகப்பட்ட மக்களுக்கு இப்படி ஒரு தரை வரைபடம் உண்டா?

'எங்கள் வலியை வேடிக்கைப் பொருளாக்காதே'

என் கருத்துக்கு எதிரான வலுவான வாதம் ஆதிக்கச் சாதிகளிடமிருந்து வருவதில்லை. 'பழசையெல்லாம் ஏன் கிளறுகிறாய்' என்பதற்குப் பதில் சொல்லி நேரத்தை வீணாக்க வேண்டாம். நம் வீட்டுக்குள்ளிருந்து வருவதே வலுவான வாதம். நான் இந்தக் கட்டுரையைப் பற்றிப் பேசியபோது தோழி ஒருவர் கேட்டார்: "ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைக் கூட்டிட்டு வர்றாங்க. கண்ணாடிக்குள்ள இரட்டைக் குவளை. டீச்சர் விளக்குறாங்க. முப்பது பிள்ளைகளும் திரும்பி ஒரு பிள்ளையைப் பார்க்கும். அந்தப் பிள்ளை என்ன பண்ணும்?"

அந்தப் பிள்ளையாக நான் வகுப்பறையில் உட்கார்ந்திருக்கிறேன். அதனால் இந்தக் கேள்வியை எளிதாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் பொருளை ஒளித்துவைப்பது பதிலாகாது. ஒளித்துவைத்தாலும் அந்தப் பிள்ளையைத் திரும்பிப் பார்க்கத்தான் போகிறார்கள். எப்படி வைக்கிறோம், எப்படி எழுதுகிறோம் என்பதில்தான் பதில் இருக்கிறது. 'அர்த்தமுள்ள வடிவமைப்பு' என்ற சொல்லுக்கு உண்மையான வேலை இங்கேதான்.

முதலில் இலக்கணத்தைச் சரிசெய்யவேண்டும். நம் அரசுத் தமிழுக்குச் செயப்பாட்டு வினை என்றால் உயிர். 'ஒடுக்கப்பட்டனர்', 'மறுக்கப்பட்டது', 'அனுமதிக்கப்படவில்லை.' யார் ஒடுக்கியது, யார் மறுத்தது? வாக்கியத்தில் ஆளே இல்லை, மழை பெய்தது போல நடந்திருக்கிறது. 'இந்தக் குவளையில் தலித்துகள் தேநீர் குடித்தார்கள்' என்று எழுதினால் பிள்ளைகள் தலித் பிள்ளையைத் தேடுவார்கள். 'இந்தக் குவளையைத் தனியே வைத்த கடைக்காரர் குற்றம் செய்தார். அவரை அப்படி வைக்கச் சொன்னவர்களும் குற்றவாளிகள். அரசமைப்பின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது, 1955-இல் அதைத் தண்டிக்கச் சட்டம் வந்தது, அதற்குப் பிறகும் வைத்திருந்தார்கள்' என்று எழுதுங்கள். இப்போது யார் தலை குனியும்? எந்தப் பிள்ளையும் குனியவேண்டாம் என்பதே என் விருப்பம். யாராவது கூச்சப்படத்தான் வேண்டும் என்றால் குவளையை வைத்தவர்களின் பக்கம் அது போகட்டும்.

அடுத்து, அந்தக் குவளையை உடைத்தவர்களும் அதே பேழையில் இருக்கவேண்டும். நம் வரலாறு அடிபட்ட வரலாறு மட்டுமல்ல. 1893-இல் 'பறையன்' என்று இதழுக்கே பெயர் வைத்து நிமிர்ந்த இரட்டைமலை சீனிவாசன், 1907-இல் 'ஒரு பைசாத் தமிழன்' நடத்திய அயோத்திதாசர், சேரி மக்களுக்கு நிலம் கொடுக்க 1892-இல் வந்த அரசாணை 1010, அந்தப் பஞ்சமி நிலத்தை மீட்க இன்றும் அலையும் குடும்பங்களின் மனுக்கட்டுகள். இவை எல்லாம் பேழைக்குள் வைக்கத் தகுதி உடையவை.

எழும்பூரில் ஏற்கெனவே இருப்பவற்றையே பாருங்கள். அமராவதியின் பௌத்தச் சிற்பங்கள், நாகப்பட்டினத்தில் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்த புத்தர் திருமேனிகள். அட்டைகள் அவற்றைக் கலைப் பாணி என்று பேசுகின்றன. அதே நகரத்தில் 1898-இல் அயோத்திதாசர் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கி, நாம் இந்நாட்டின் பூர்வ பௌத்தர்கள் என்று வாதிட்டார். 1956-இல் அண்ணல் லட்சக்கணக்கானவர்களோடு நாகபுரியில் பௌத்தம் ஏற்றார். அந்தப் புத்தருக்குப் பக்கத்தில் இந்த வரலாற்றை இரண்டு வரியில் சேர்த்தால், சேரியிலிருந்து வரும் பிள்ளை அங்கே விருந்தாளியாக நிற்காது, வாரிசாக நிற்கும். அதற்கு எந்தத் தொழில்நுட்பமும் தேவையில்லை. புதிய அட்டை அடிக்கும் செலவுதான்.

ஏற்கெனவே இருக்கும் நம் அருங்காட்சியகங்கள்

டிசம்பர் 6 அன்று மும்பை சைத்தியபூமிக்குப் போனவர்களுக்குத் தெரியும். ரயிலேறி, தரையில் படுத்துறங்கி, லட்சக்கணக்கில் மக்கள் வருகிறார்கள். கைக்காசைப் போட்டுப் புத்தகம் வாங்கிக்கொண்டு திரும்புகிறார்கள். 1968 டிசம்பர் 25 அன்று 44 பேரை உயிரோடு கொளுத்திய கீழ்வெண்மணிக்கு ஒவ்வோர் ஆண்டும் அதே நாளில் கூட்டம் கூடுகிறது. 1997-இல் முருகேசனையும் தோழர்களையும் வெட்டிக் கொன்ற மேலவளவுக்கும் ஜூன் 30 அன்று போகிறார்கள். யாரும் செல்ஃபி மூலை வைத்து அவர்களை அழைக்கவில்லை. தங்கள் கதையைத் தங்களிடம் சொல்லும் இடத்துக்கு மக்கள் தாமாக வருவார்கள், பிள்ளைகளையும் கூட்டிவருவார்கள்.

அரசிடம் நான் கேட்பது பெரிய கட்டடம் அல்ல. ஒவ்வொரு மாவட்ட அருங்காட்சியகத்திலும் பொருள்களைக் கிடங்கிலிருந்து வெளியே எடுத்து மறுபடியும் அடையாளம் காணுங்கள். அந்த வேலைக்கு அந்தப் பொருள்களோடு வேலை செய்த முதியவர்களை, குறிப்பாகப் பெண்களை, நாள் ஊதியம் கொடுத்து அழையுங்கள். விருந்தினராக வேண்டாம், அறிந்தவர்களாக அழையுங்கள். அவர்கள் சொல்வதை அவர்கள் பெயரோடும் ஊரோடும் அட்டையில் எழுதுங்கள். காப்பாட்சியர் பணியிடங்களை நிரப்புங்கள், இட ஒதுக்கீட்டை முறையாகப் பின்பற்றி நிரப்புங்கள். ஆதிதிராவிடர் நல விடுதிப் பிள்ளைகளை ஆண்டுக்கு ஒருமுறையாவது பேருந்து வைத்து அழைத்து வாருங்கள். தொடக் கூடாத பொருளுக்குத் தொட்டுப் பார்க்கும் மாதிரி ஒன்றைப் பக்கத்தில் வையுங்கள். பல தலைமுறைகளாக 'தொடாதே' என்று கேட்ட மக்களை வரவேற்கும் முதல் பலகை 'தொடாதீர்கள்' என்று இருக்கவேண்டாம். முதியவர்கள் உட்கார பெஞ்ச் போடுங்கள். எல்லோரையும் 'நீங்க' என்று அழைக்கக் காவலர்களுக்குச் சொல்லுங்கள், அதற்கு முன்பாக அவர்களுக்கு ஒழுங்கான சம்பளம் கொடுங்கள்.

நம்மிடம் கேட்பதும் ஒன்று உண்டு. இந்தப் பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது பாட்டியிடம், பெரியம்மாவிடம் பழைய பொருள்களைப் பற்றிக் கேளுங்கள். பேசுவதைக் கைப்பேசியில் பதிவுசெய்யுங்கள். உடைந்த கலயம், கொட்டாங்குச்சி, தாத்தாவின் கைநாட்டு விழுந்த கடன் பத்திரம், எதுவானாலும் தூக்கி எறியாதீர்கள். பிறகு அருகிலுள்ள அருங்காட்சியகத்துக்கு அவர்களை அழைத்துப் போங்கள். அவர்கள் சொல்வதைக் குறிப்பேட்டில் எழுதி, அருங்காட்சியகத்தின் பார்வையாளர் பதிவேட்டிலும் எழுதிவிட்டு வாருங்கள்.

நாங்கள் அன்று அதைத்தான் செய்தோம். வெளியே வரும்போது மேசையில் பதிவேடு விரித்து வைத்திருந்தது. 'மிக அருமை', 'நன்று', 'கழிப்பறை சுத்தமாக இல்லை' என்று வரிசையாக எழுதியிருந்தார்கள். அம்மாவுக்கு எழுதத் தெரியாது. அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன்: 'கடைசி ரூமில் இருப்பது வாங்குகிற மரக்கால். கொடுக்கிற மரக்கால் இதைவிடச் சின்னது. அதையும் தேடி வையுங்கள்.' கீழே அம்மாவின் பெயரையும் ஊரையும் போட்டேன். காவலர் எட்டிப் பார்த்துப் படித்தார். படித்துவிட்டு அம்மாவிடம் கேட்டார்:

"எங்க ஊர்லயும் ரெண்டு மரக்கா இருந்துச்சும்மா. நீங்க எந்த ஊரு?"